மற்றவை

கொடைக்கானல் ரிசார்ட்டுக்காரர் தரவேண்டிய பாக்கி
இரண்டே கால் லட்சம்.
பதினெட்டு மாசம் கறிக்கோழி அனுப்பிய கணக்கு.
கேட்கப் போன மோகனசுந்தரம்
பணத்தோடு வரவில்லை.
மினி லாரியில் மூன்று நீளக் கழுத்துகளோடு வந்தார்.
‘அல்பாக்கா’ என்றார், நான் வாய் திறக்கும் முன்பே,
தூரத்து ஒறம்பரையை
அறிமுகம் செய்வதுபோல.

கோழி செட்டு காலியாகத்தான் கிடந்தது.
கம்பெனி குஞ்சு இறக்குவதை நிறுத்தி ஆறு மாசம்.
இருநூறடி நீளம்.
மூன்றும் ஒரே மூலையில் ஒட்டி நின்றன,
மீதியை யாருக்கோ விட்டுவைத்ததுபோல.

பேருக்கு அலையவில்லை.
காங்கயத்து மாட்டுக்கு நிறம்தானே பேர்:
மயிலை, செவலை, காரி.

மேல்வரிசையில் முன்பல் கிடையாது.
கோபம் வந்தால் பச்சையாகத் துப்பும்,
ஒன்றை ஒன்றுதான்,
நடுவில் நின்றால் நம்மையும்.
சோளத்தட்டை முகர்ந்துவிட்டு யோசிக்கும்.
கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லென்றால்
யோசிப்பதில்லை.
சாணி போட ஓரிடம் வைத்துக்கொண்டு
ஒன்று முடிக்கும்வரை மற்றது காத்து நிற்கும்.
அள்ளி முருங்கைக்கு வைத்தேன்.
முருங்கை கேட்கவில்லை
எந்த நாட்டுச் சாணி என்று.

மாசியில் மயிர் வெட்ட
தாராபுரம் பக்கமிருந்து பொம்மையன் வந்தார்,
குறும்பாடு கத்தரிக்கிற கை.
படுக்கவைத்து, உள்ளே விரல்விட்டு,
வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.
‘ஆடுமில்ல, ஒட்டகமுமில்ல.
ஆனா மசுருன்னா இதுதானுங்க அம்மிணி மசுரு.’
கூலியில் நூறு ரூபாய்
அவராகவே குறைத்துக்கொண்டார்.

மூன்று சாக்கு.
திருப்பூர் மில் மேனேஜர்
ஒரு கைப்பிடி எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.
வைத்தபடியே சொன்னார்:
‘டன் கணக்குல இருந்தாப் பேசலாம்.’

சித்திரை பத்தொன்பது.
கோழிக்கு மாட்டிய ஃபாகர்தான் ஓடிக்கொண்டிருந்தது.
பன்னிரண்டரைக்குப் போன கரண்ட்
நாலு மணிக்கு வந்தது.
காரியின் வயிற்றுக்கடியில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தோம்.
வெள்ளகோவில் டாக்டர்
ஒரு கையில் ஊசியும்
ஒரு கையில் செல்போனுமாக உட்கார்ந்திருந்தார்.
‘இதெல்லாம் நான் படிக்கலைங்க’ என்றார்.
நேர்மையானவர்.
வேலியோரம் குழி தோண்டிய ஜேசிபிக்கு
ஆயிரத்தி இருநூறு.

அதற்கப்புறம் மற்ற இரண்டும்
சாணி போடும் இடத்தில்
ஓர் உடம்பளவு இடம்விட்டு நிற்கின்றன.
நான் அப்படிச் சொல்கிறேன்.
மோகனசுந்தரம் அது வெறும் பழக்கம் என்கிறார்.
சொல்லிவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

வைகாசியில் கால்நடை கணக்கெடுக்க
டேப்லெட்டோடு ஒரு பெண் வந்தாள்.
மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, பன்றி,
விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனாள்.
வான்கோழிக்கு இடமிருந்தது. முயலுக்கு இருந்தது.
அடியில், பொத்தானுக்கு மேலே, ‘மற்றவை’.
‘எத்தனைங்க?’
மூ, என்று உதடு குவிந்துவிட்டது.
ரெண்டு என்றேன்.

இப்போது ஆனி.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கி
காற்றாலைகள் சுற்ற ஆரம்பித்தாயிற்று.
பொழுது சாய்ந்து தீவனம் வைக்கும்போது
பேச்சு தானாக வருகிறது எனக்கு:
சொசைட்டிக் கடன் தவணை,
மகளின் ஹாஸ்டல் ஃபீஸ்,
தொள்ளாயிரம் அடியிலும் உப்பான தண்ணீர்.

மயிலை ‘ம்’ என்கிறது.
கொஞ்சம் விட்டு, செவலை ‘ம்’ என்கிறது.
கதை கேட்கிறவர்கள் உம் கொட்டும்
அதே இடத்தில், அதே இழுவையில்.
எந்த மலையில் யாரிடம் கேட்டுப் பழகியதோ.

‘அப்புறம்?’ என்று மட்டும் கேட்பதில்லை.
கேட்டால் சொல்ல
தலையணைக்கு அடைத்தது போக
இன்னும் இரண்டரைச் சாக்கு
கட்டியபடி இருக்கிறது.